விற்பவர் பெயர்

அன்புள்ள ஆச்சி,

இன்று காலை கீழச்சிவல்பட்டியிலிருந்து ஒரு பெண் என் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தாள். வீட்டில் செய்யும் பலகாரங்களை, மனகோலத்தையும் சீப்புச் சீடையையும், இணையத்தில் விற்க வேண்டுமாம், கணக்குத் தொடங்கித் தரச் சொன்னாள். மேசையில் அவள் பிரித்து வைத்த பொட்டலத்திலிருந்து வெல்லப்பாகு வாசனை வந்துகொண்டிருந்தது. ஊர், தெரு, வங்கி என்று மளமளவென அடித்துக்கொண்டே வந்தேன். 'விற்பவர் பெயர்' என்ற கட்டம் வந்ததும் கை நின்றுவிட்டது.

"என்னக்கா, நெட்டு போயிருச்சா?" என்றாள். ஆமாம் என்று ஒரு பொய் சொல்லிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அவள் போன பிறகு உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகள் முடியப்போகிற நேரம் அது. காரைக்குடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இன்டர்நெட் மையங்கள் முளைத்திருந்தன. வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பா எனக்கும் ஒன்று வைத்துக் கொடுத்திருந்தார். அதை நடத்தும் அழகு எனக்கல்லவா தெரியும்! டெலிபோன் பில் வந்தாலும் பயம், போலீஸ்காரர் டீ குடிக்க எதிர்க்கடைக்கு வந்தாலும் பயம். உங்கள் மகள் என்னிடம் கம்ப்யூட்டர் படித்த பழக்கத்தில்தான் நீங்கள் வந்தீர்கள். வெயிலே இல்லாத நாளில் குடையை முகத்துக்கு இறக்கிப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள்.

மகளுக்கு இன்ஜினியரிங்கில் இடம் கிடைத்துவிட்டது. உங்கள் வீட்டுக்காரரோ மெட்ராஸில் தொழில் நொடித்து ஊர் திரும்பியிருந்தார். கையில் மிச்சம் இருந்தது, கல்யாணத்தில் உங்கள் அம்மா அடுக்கிக் கொடுத்த சீர்ச் சாமான்தான். பழம்பொருள் வாங்குவதற்கென்றே காரைக்குடியில் ஒரு தெரு முழுக்கக் கடைகள் உண்டு. ஆனால் அங்கே ஒரு வெண்கலப் பானையோடு போய் இறங்கினால், நீங்கள் உங்கள் ஊரான கண்டனூர் போய்ச் சேருவதற்கு முன்னால் சேதி போய்ச் சேர்ந்துவிடும்.

"சாமான் விக்கிற வீடுன்னு பேராயிட்டா எம் மகளை யாரு கேட்டு வருவாக ஸ்டெல்லா? கம்ப்யூட்டர்ல வித்தா இங்குட்டு யாருக்கும் தெரியாதுல்ல?"

"இங்குட்டு யாரு வீட்ல ஆச்சி கம்ப்யூட்டரு இருக்கு? நீங்க பயப்படாம இருங்க" என்றேன். பயப்படாதே என்று நான் பிறருக்குச் சொன்னதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

உங்கள் வீட்டு முகப்பில் நான் படம் எடுத்தபோது, பானையின் கழுத்தில் பேர் வெட்டியிருந்த பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தீர்கள். காரைக்குடி ஸ்டுடியோவில் கழுவக் கூடாது என்று பிலிமை மதுரைக்கு அனுப்பச் சொன்னீர்கள். வீட்டுக்குக் கடிதம் எதுவும் வந்துவிடாமல் இருக்க என் கடை முகவரியையே கொடுக்கச் சொன்னீர்கள். எல்லாவற்றையும் யோசித்தீர்கள். சென்னையில் யாரோ புதிதாகத் தொடங்கியிருந்த இணைய ஏலத் தளம் ஒவ்வொரு பக்கமாக ஊர்ந்து ஊர்ந்து திறந்தது.

"விக்கிறவுக பேரு கேக்குது ஆச்சி. என்ன போடட்டும்?"

"நம்ம விலாசத்தைப் போடு. கணக்குன்னா வேற என்னத்தைப் போடுறது?" என்று ஐந்து எழுத்துகளைச் சொன்னீர்கள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மாதா கோயில் தெருக்காரி நான், எனக்கு அது வெறும் எழுத்துக் கூட்டமாகத் தெரிந்தது. இது நல்லது, யாருக்கும் புரியாது என்று மகிழ்ந்தே அடித்தேன். பாட்டன் முப்பாட்டன் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வீட்டுக்கு வீடு வைத்துக்கொள்ளும் அடையாளத்தைத்தான் நீங்கள் விலாசம் என்கிறீர்கள் என்றும், பர்மாவிலும் மலேயாவிலும் உங்கள் முன்னோர் அதைப் போட்டுத்தான் கடை நடத்தினார்கள் என்றும், அதைப் பார்த்ததுமே எந்த ஊர் எந்த வீடு என்று உங்களவர்கள் சொல்லிவிடுவார்கள் என்றும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். உங்களவர்கள் இருந்ததோ சிங்கப்பூரில், கோலாலம்பூரில், அமெரிக்காவில். கம்ப்யூட்டர் இருந்ததும் அங்கேதான்.

சில நாளில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு மின்னஞ்சலை ஏலத் தளத்துக்காரர்கள் எனக்கு அனுப்பிவைத்தார்கள். எழுதியவர் உங்கள் கொழுந்தனார். பரம்பரை வீட்டில் பூட்டிக் கிடக்கும் எங்கள் பங்கில் களவு போயிருக்கிறது, சாமானில் இருந்த விலாசத்தையே துணிந்து போட்டு எவனோ விற்கிறான், முகவரியில் இருக்கும் அந்தக் கடைக்காரனைப் பிடிக்கச் சொல்லி அண்ணனை விட்டுப் போலீசில் எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்றிருந்தது. கடைக்காரன் நான்தான். கடையைப் பூட்டினேனா இல்லையா என்றுகூட நினைவில்லை, கண்டனூர் பஸ்ஸில் இருந்தேன். வழியெல்லாம் அப்பாவின் முகமே கண்ணுக்குள் நின்றது.

நான் சொல்லி முடிப்பதற்குள் சிங்கப்பூரிலிருந்து போன் அடித்துவிட்டது. உங்கள் வீட்டுக்காரர் குன்றக்குடி போயிருந்தார். நீங்கள் எடுத்தீர்கள். கொழுந்தனார் பேசப் பேச உங்கள் முகத்தில் ரத்தமே இல்லை. எதிரே நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். களவு என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார், நீங்கள் ஒரு 'ஆமாம்' போட்டிருந்தால் போதும், உங்கள் மானம் தப்பியிருக்கும். மகளுக்கு வரும் சம்பந்தமும் தப்பியிருக்கும். நீங்கள் அப்படித்தான் சொல்லப்போகிறீர்கள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் குறை சொல்லவும் என்னால் முடிந்திருக்காது.

"களவெல்லாம் இல்ல தம்பி. நாந்தான் விக்கிறேன். ஒங்க பங்குல இருந்து ஒண்ணும் எடுக்கல, எங்காத்தா எனக்குக் குடுத்தது. அந்தப் புள்ளைய ஒரு வார்த்தை சொல்லாதீக. நான் சொன்னதைத்தான் அவ செஞ்சா."

போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். ஆனால் என்னிடம் பேசியபோது குரல் நடுங்கவில்லை. "ஒன்னைய யாரு வந்து கேட்டாலும் எம் பேரைச் சொல்லு. சொல்லிட்டு ஒன் வேலையைப் பாரு."

நீங்கள் பயந்தது நடக்காமல் இல்லை. சேதி வெளிநாடு முழுக்கச் சுற்றிவிட்டு ஊருக்கு வந்தது. பேசி வைத்திருந்த ஒரு சம்பந்தம் பேச்சோடு நின்றது. அதற்காக நீங்கள் அழுததும் எனக்குத் தெரியும். உங்கள் மகள் படித்தாள், தானே பார்த்து ஒருவரைக் கட்டிக்கொண்டாள், நன்றாக இருக்கிறாள். போன மாதம் நீங்கள் போய்விட்ட சேதியை அவள்தான் போனில் சொன்னாள்.

என் பயம் மட்டும் போகவில்லை ஆச்சி. பெற்றவர்களைத் தவிர எனக்காகத் தன் மானத்தை எடுத்துக் கீழே வைத்தவர் நீங்கள் ஒருவர்தான், வேறு யாரும் இல்லை. இப்போதும் கடை வாசலில் தெரியாத ஆள் வந்து நின்று அதிகாரமாக எதையாவது கேட்டால் முதலில் பயம்தான் வருகிறது. உடனே, உங்கள் பெயரைச் சொல்லிவிடலாம் என்று ஒரு தைரியம் வருகிறது. நீங்கள் இல்லை என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வருகிறது.

உங்கள்
ஸ்டெல்லா