பீமிலியில் கணுக்கால் வரைக்கும்

என் ஆசை அண்ணனுக்கு,

நாளைச் சாயங்காலம் விசாகப்பட்டினம் வண்டி. மதினியும் நானும் போகிறோம். பெட்டி கட்டியாயிற்று, கட்டியதை இரண்டு தடவை பிரித்துப் பார்த்துமாயிற்று. மதினி அடுப்படியில் புளிக்காய்ச்சல் கிளறிக்கொண்டிருக்கிறார். வாசனை மெட்டுகுடா ரயில்வே லைன் வீடுகள் முழுக்கப் போயிருக்கும்.

எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. செல்போனில் வானிலை பார்த்தேன். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வாம். நாம் கிளம்புவது அதற்கு மட்டும் எப்படித்தான் தெரிகிறதோ! காலையிலிருந்து எத்தனையாவது தடவை பார்க்கிறாய் என்று நீ கேட்பாய். பதினோராவது தடவை. சிரிக்காதே.

உன் பழைய ரயில்வே மேப்பை மேஜையில் விரித்து வைத்திருக்கிறேன். சிவப்புப் பேனாவால் ஆந்திரக் கரை முழுக்க வட்டம் போட்டு வைத்தாயே, அதுதான். வடக்கே அரக்கு மலை, தெற்கே பறவைகள் வந்திறங்கும் நேலப்பட்டு. ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் இறங்க வேண்டிய ஸ்டேஷன் பெயர். பாப்பிகொண்டலு மலைகளுக்கு நடுவே கோதாவரியில் படகு போக ராஜமுந்திரி. கோரிங்கா அலையாத்திக் காட்டுக்குக் காக்கிநாடா. போரா குகைக்குப் பக்கத்தில் மட்டும் "குகைக்கே ஸ்டேஷன் இருக்கு!" என்று எழுதி அடிக்கோடு வேறு. ரயில் போகாத ஊரை நீ ஊராகவே மதித்ததில்லை. ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆள் புத்தி!

ஆனால் ரயில்வே தரும் இலவச பாஸ் வந்தால் எங்கே போனோம்? எல்லா பாஸும் சொந்த ஊரான பாளையங்கோட்டைக்கே போய்ச் சேர்ந்தன. ஒரு வருஷம் கல்யாணம், ஒரு வருஷம் துக்கம், ஒரு வருஷம் சபையின் அசன விருந்து. பாஸில் உன் பெயர், மதினி பெயர், ரூத் பெயர், கடைசியில் கல்யாணமாகாத தங்கச்சி என்று என் பெயர். ஒரே ஒரு தடவைதான் நீ விசாகப்பட்டினத்துக்கு பாஸ் எழுதி வாங்கினாய்.

அதைக் கெடுத்தவள் நான்.

உன் நினைவாக இந்தக் கடிதத்தை நம் சபை மலரில் போடப்போகிறார்கள். போடட்டும், எல்லாரும் படிக்கட்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால், கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, "விசாகப்பட்டினத்துக்குப் புயல் வருதாம்ணே, டிவில சொன்னான்" என்று நான் ஓடிவந்து சொன்னேனே, அது பொய். புயல் வங்காளத்துப் பக்கம் போகிறது என்றுதான் சொன்னார்கள். நீ சட்டையை மாட்டிக்கொண்டு டிக்கெட்டைக் கேன்சல் செய்யப் போனாய். "அடுத்த பாஸ்ல பாத்துக்கலாம் பிள்ள" என்றாய். அடுத்த பாஸ் வருவதற்குள் ஒருநாள் மத்தியானம் ஒர்க்‌ஷாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே இல்லையே அண்ணா.

எதற்குப் பொய் சொன்னேன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்கு ஒன்பது வயது, சபைப் பிள்ளைகளோடு விசாகப்பட்டினத்தை அடுத்த பீமிலி கடற்கரைக்குப் போயிருந்தோம். அலை என்னை வாரிக்கொண்டு போனபோது நீதான் பாய்ந்து வந்து என் சடையைப் பிடித்து இழுத்தாய். "சடை இருந்ததால பொழச்ச" என்று சாகும்வரை கேலி செய்தாய். இப்போது முடியெல்லாம் கொட்டி எலிவால்தான் மிச்சம். இனி யார் எதைப் பிடித்து இழுப்பார்கள்?

இன்று காலையில் தாழ்வுச் செய்தியைப் பார்த்ததும் மதினியிடம் போய் நின்றேன். "கேன்சல் பண்ணிருவோமா மதினி?"

ரூத் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். உன் மகளுக்கு லீவு கிடைக்கவில்லை, அவள் வரவில்லை. இந்த ஊர் உருது கலந்த அதே பேச்சுத்தான். "கைக்கு டென்ஷன், எதுக்கு டென்ஷன் அத்தை? ஹவ், ஆமா, மழை வரும், போகும். டிரெயின் ஓடுது, ஸ்டேட்டஸ் பாத்துட்டேன். கேன்சல் மட்டும் நக்கோ!"

மதினி துணி மடிப்பதை நிறுத்தவே இல்லை. "இது அவுக போனப்புறம் என் பேருல வந்த மொத விடோ பாஸ். இதையும் பாளையங்கோட்டைக்கே எழுதச் சொந்தக்காரவுக சொன்னாக. நான் மாட்டேன்னுட்டேன்" என்றார்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மதினி என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அவுகளுக்குத் தெரியும் பிள்ள" என்றார்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு அவுகளும் ஒர்க்‌ஷாப் கேன்டீன்ல நியூஸ் பாத்துட்டுத்தான வந்தாக. 'பிள்ள பயந்து போயிருக்கா, கேட்டுச் சங்கடப்படுத்தாத. கடல் எங்க போயிரப் போவுது'ன்னாக."

கடல் எங்கேயும் போகவில்லை அண்ணா. நீதான் போய்விட்டாய். தெரிந்தும் ஏன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை? திட்டியிருந்தால் நான் அழுதுகொண்டாவது ரயில் ஏறியிருப்பேன், நீயும் அந்தக் குகையைப் பார்த்திருப்பாய். இத்தனை நாள் நான் ஏமாற்றிவிட்டேன் என்று புழுங்கிக்கொண்டிருந்தேன். நீயோ எல்லாம் தெரிந்துகொண்டு வரிசையில் நின்று கேன்சல் செய்துவிட்டு வந்திருக்கிறாய். உன்மேல் கோபம் கோபமாக வருகிறது.

பயம் போய்விட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். இந்தக் கடிதத்துக்கு நடுவில்கூட ஒருமுறை செல்போனைப் பார்த்தேன். மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்கிறார்கள். வண்டி ஓடும் என்கிறார்கள். நாங்கள் என்ன மீன் பிடிக்கவா போகிறோம்? கோதாவரியில் படகு விடவில்லை என்றால் ராஜமுந்திரியில் படித்துறையில் உட்கார்ந்து ஆற்றைப் பார்ப்போம். அதற்காக மெட்டுகுடாவில் உட்கார்ந்திருக்க மாட்டோம். தெற்கே உள்ள வட்டங்கள் மதினியின் அடுத்த பாஸுக்கு.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். போரா குகை ஸ்டேஷனில் உனக்காக இறங்குவேன். பீமிலியில் தண்ணீரில் இறங்குவேன். கணுக்கால் வரைக்கும்தான், அதற்குமேல் கேட்காதே. மதினி என் கையைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். நீ சடையைப் பிடித்ததை விட அது கொஞ்சம் கௌரவமாகவே இருக்கும்.

உன் பாஸில் எப்போதும் கடைசிப் பெயராக இருந்த
உன் தங்கச்சி,
கிரேஸ்