எங்கள் கிணற்றுக்குள் நீ

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த என் அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருசம் ஆகப் போகிறது. திவசத்துக்கு முன் உனக்கு நாலு வரி எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் இப்படி ஒரு செய்தியை எழுதுவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. முந்தநாள்தான் கேள்விப்பட்டேன். இதை வாசிக்கிற மற்றவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நானும் முதலில் சுளித்தவள்தான்.

மாரி மழைக்குப் பிறகு எங்கள் பங்குக் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனது. நம் நிலம் உனக்குத் தெரியாததா? கீழே முழுக்கச் சுண்ணாம்புக் கல், கல் முழுக்க ஓட்டை. மேலே எவன் எதைப் புதைத்தாலும் அது கிணற்றில்தான் வந்து சேரும். அந்தக் கிணற்றில் பங்குள்ள எல்லா வீட்டிலும் வயிற்றுளைவு. என் சின்னவன் இரத்தமாகப் போய், கண் உள்ளுக்குப் போய்க் கிடந்தான். நம்மைப் பெற்ற ஐயாவின் தங்கை பொன்னம்மா மாமியின் பேரப்பிள்ளைகளும் அப்படியே.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்குத்தர் வந்தார். கிணற்றுக்குச் சிவப்பு மருந்து போடப் போகிறார் என்று நினைத்தோம். அவர் ஒரு போத்தலைத் திறந்து, வைக்கோல் நிறத்தில் இருந்த எதையோ உள்ளே ஊற்றினார். பிள்ளைகளுக்கும் அதில் ஒவ்வொரு கரண்டி கொடுத்தார். கிருமியைத் தின்கிற இன்னொரு சீவன் அதற்குள் இருக்கிறதாம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாதாம். வயிற்றுளைவுக் கிருமி இருக்கும் மட்டும் அதைத் தின்று பெருகுமாம், மனிசரை ஒன்றும் செய்யாதாம்.

"சுண்ணாம்பு போடாதேங்கோ, சிவப்பு மருந்து போடாதேங்கோ, கிணத்தை இறைக்காதேங்கோ. மண்ணுக்குள்ளை அழுக்கு ஊறி வாற வரைக்கும் இது உள்ளுக்கை இருக்க வேணும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் நம்பவில்லை. ஆனாலும் பயத்தில் சொன்னபடி கேட்டோம். பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழும்பின. புதிதாக ஒருவரும் படுக்கவில்லை. ஐயாவுக்கு வந்த சந்தோசப் புளுகத்தைச் சொல்லி முடியாது. கோயில் அபிஷேகத்துக்கும் அந்தத் தண்ணீரையே தன் கையால் அள்ளிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

முந்தநாள் ஒரு கதலி வாழைக்குலையோடு டாக்குத்தரைக் காணப் போனேன். நன்றி சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வந்திருக்கலாம். அந்தச் சீவனை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டுத் தொலைத்தேன். மனிசன் சிரித்தார். வயிற்றுளைவு வந்து தானாகவே சுகப்பட்ட ஒருத்தியின் மலத்திலிருந்து எடுத்ததாம். வடித்து வடித்துப் போத்தலில் வளர்த்ததாம்.

"அந்தப் பிள்ளையும் உங்கடை நீர்வேலி ஊர்தான். யோகம் எண்டு பேர். சிரிக்கச் சிரிக்கப் பகிடி கதைப்பா. இப்ப எப்பிடி இருக்கிறா?"

அக்கா, அவர் உன்னைத்தான் கேட்டார்.

ஆஸ்பத்திரியால் சுகமாக வந்த உன்னைப் பிறகு காய்ச்சல் கொண்டுபோனது அவருக்குத் தெரியாது. வெளியே வந்து மதிலைப் பிடித்துக்கொண்டு ஓங்காளித்தேன். பிறகு சிரிப்பு வந்தது. அது எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. வீதியால் போனவர்கள் எனக்குப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்கள்.

சாதி குறைந்தவர் என்று ஐயா ஏற்காத ஒருவரை நீ கலியாணம் முடித்தாய். அன்றிலிருந்து அந்தக் கிணற்றுக்கட்டில் உன்னைக் கால் வைக்க விடவில்லை. யாராவது அள்ளி ஊற்றும் மட்டும் வேலிக்கு வெளியே குடத்தோடு நின்றாய். வயிற்றில் பிள்ளையோடும் நின்றாய். அந்தப் பிள்ளை, உன் மகள் செல்லம், இப்போது அதே இடத்தில் நிற்கிறாள். நான் வீட்டில் இல்லாத நாளில் ஊற்ற ஆளில்லாமல் குளத்துத் தண்ணீரோடு திரும்பிப் போகிறாள். உன்னை ஒரு வாளி அள்ள விடாத கிணற்றுக்குள் உன் வயிற்றிலிருந்து வந்தது நீந்துகிறது. அதை எல்லாரும் குடித்துப் பிழைத்திருக்கிறோம். இதை எப்படி அக்கா நான் தாங்குவது?

வழி முழுக்க, சொல்லக் கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். செல்லம் வேலிக்கு வெளியே நின்றதைக் கண்டதும் வாய் அடங்கவில்லை. கிணற்றடியில் எல்லாரும் நிற்க ஐயாவிடம் சொல்லிவிட்டேன்.

ஐயாவின் முகம் வெளிறிப்போனது. கோயிலுக்குக் கொண்டுபோன தண்ணீரை நினைத்திருப்பார். உன்னையும் நினைத்தாரா? எனக்குத் தெரியாது. தோட்டத்தில் நின்ற ஆட்களைக் கூப்பிட்டு, கிணற்றை அடிமட்டும் இறைக்கச் சொன்னார். இறைத்தால் வயிற்றுளைவு திரும்ப வரும். என் சின்னவன் இன்னும் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறான். நான் துலாக்கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். ஐயா என் கையைத் தட்டிவிட்டார்.

அப்போது பொன்னம்மா மாமி, உன்னைக் கண்டால் தெருவை விட்டு வேறு ஒழுங்கையால் போன அதே மனிசி, குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஐயாவுக்கு முன்னால் வந்தார்.

"அண்ணை, உங்களுக்கு இதிலை ஒரு பங்குதான். இறைக்கிறதெண்டா உங்கடை பங்கை மட்டும் இறையுங்கோ. என்ரை பங்கிலை ஒரு சொட்டுப் போகக் கூடாது."

ஒருவரும் சிரிக்கவில்லை. வந்த ஆட்கள் ஐயாவையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஐயா கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி உள்ளே போய்விட்டார். கிணறு அப்படியே இருக்கிறது.

அன்று முதல் அவர் தண்ணீர் தொடவில்லை, இளநீர்தான் குடிக்கிறார். அந்தத் தென்னைகளுக்கு எந்தக் கிணற்றுத் தண்ணீர் பாய்கிறது என்று என் மனிசன் கேட்கப் பார்த்தார். நான் அவருடைய காலை மிதித்தேன்.

அக்கா, அந்தக் கிணற்றில் ஒரு பங்கை ஐயா எனக்குச் சீதனமாகத் தந்தார். உனக்கு ஒன்றும் தரவில்லை. இனி என் பங்கில் பாதி செல்லத்துக்கு. என் மனிசனுக்கும் சம்மதம். நாளைக்கு விடிய அவளை வேலிக்கு உள்ளே கூட்டிக்கொண்டு வருவேன். அவளுடைய குடத்துக்கு நான் இனி ஒரு நாளும் தண்ணீர் ஊற்ற மாட்டேன். கயிற்றைப் பிடித்து அவளே அள்ளட்டும், ஐயா பார்த்துக்கொண்டு நிற்கட்டும். இது உன் மேல் ஆணை.

உன் தங்கச்சி,
செல்லத்தின் சின்னம்மா,
இராசம்