பக்கத்து சீட்டும் நாலு டயரும்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவன் கருணையால் இங்கே அப்பாவும் நானும் நலமாக இருக்கிறோம், நீ அங்கே நலமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் மறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவனும் அலுக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறான். எதையும் முறையாகச் சொல்லவேண்டும் என்பதால் முதலில் இதை எழுதிவிடுகிறேன். இருபத்து நாலாம் தேதி சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு டயர் கடையில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். ஒன்று உன் அப்பா. இரண்டு நான், கையில் நோட்டுப் புத்தகத்தோடு. மூன்று டயர் கடைக்காரர். நாலு, கல்லாவில் உட்கார்ந்து ஆர்டர் எழுதும் அவருடைய அக்கா. ஐந்தாவது நீ. நீ அங்கே இருந்தது மற்ற நாலு பேரில் உன் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும், எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது, அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் அப்பாவின் வண்டி எப்படி இருக்கிறது என்று நீ கேட்காமல் இருக்கமாட்டாய், அதனால் நானே சொல்கிறேன், ராணி மாதிரி இருக்கிறது. இரண்டே சீட்டு உள்ள ஒரு சிவப்புத் தகரத்துக்குச் சிட்டு என்று பெயர் வைத்திருக்கிறார். முப்பத்து நாலு வருஷத்தில் என்னை ‘ஏம்மா’ என்பதைத் தவிர வேறு பெயரில் கூப்பிட்டது இல்லை, அதுவும் கண்ணாடி காணாமல் போனால்தான். முகம் துடைக்க நான் வாங்கி வைத்த மெல்லிசுத் துண்டு இரண்டும் இப்போது சிட்டின் மேனிக்குத்தான். மழை தூறினால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து உறை மாட்ட ஓடுகிறார், நான் துணி எடுக்க ஓடினால் குடை எடுத்துக்கொள் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்கிறார். சரி, அதை விடு. அந்த வண்டியோடு வந்த புத்தகத்தை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தது இந்த வீட்டில் நான் ஒருத்திதான் என்பது உனக்குத் தெரியுமா? அதில் வாரத்துக்கு ஒருமுறை நாலு டயரிலும் காற்று எவ்வளவு என்று அளக்கச் சொல்லியிருக்கிறது. சனிக்கிழமை காலைப் பிரார்த்தனை முடிந்ததும் நான்தான் குனிந்து அளந்து எழுதி வைக்கிறேன். பின்பக்கம் இடது டயர், மூன்றாம் தேதி முப்பத்து மூன்று, பத்தாம் தேதி முப்பது, பதினேழாம் தேதி இருபத்தைந்து. ஒவ்வொரு வாரமும் அவரிடம் சொன்னேன். அவர் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, “பாரு, நிமிந்து நிக்குது. காத்து போனா அமுங்காதா? உன் மீட்டர்தான் கோளாறு” என்றார். அது காற்றில்லாமல் ஓடும் டயர், உள்ளே ஓரம் தடிமனாக இருப்பதால் காற்று போனாலும் வெளியே காட்டிக்கொள்ளாது, பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்று நாற்பத்தாறாம் பக்கத்தில் இருக்கிறது. படித்தும் காட்டினேன். எச்சரிக்கை விளக்கு எரிகிறதே என்றேன், அது வாங்கின நாளிலிருந்து எரிகிறது என்றார். அப்புறம் இருபத்தோராம் தேதி நீ போனில், அப்பா ஒரு தடவை அளந்துதான் பாருங்களேன் என்று ஒரு வார்த்தை சொன்னாய். போனைக் கீழே வைக்காமலே ஓடிவந்து என் மேஜை இழுப்பறையிலிருந்து அதே கோளாறு மீட்டரை எடுத்துக்கொண்டு போனார். பதினாலு. “பாப்பா சொன்ன மாதிரியே இருக்கு!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். நான் மூன்று வாரம் சொன்னது காற்றோடு போயிற்று, நீ மூன்று நிமிடம் சொன்னது வேதவாக்கு ஆயிற்று. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இல்லை என்று எழுதுகிறேனே தவிர, அன்று இரவு சாப்பாட்டில் உப்பு போட மறந்தேன்.

அப்படித்தான் கடைக்குப் போனோம். கடைக்காரர் டயரைக் கழற்றி உள்ளே கைவிட்டுப் பார்த்து, காற்றில்லாமலே நிறைய ஓட்டியிருக்கிறீர்கள், உள்பக்கம் பொடிப்பொடியாக உதிர்கிறது, இதற்கு ஒட்டு கிடையாது, மற்ற மூன்றுக்கும் வயதாகிவிட்டது, நாலையும் மாற்றுங்கள் என்றார். அடுத்த கேள்வி, மறுபடி இதே மாதிரியா, இல்லை சாதா டயரா? அவர் நன்றாகத்தான் விளக்கினார். “சார், இது காத்து முழுசாப் போனாலும் எண்பது கிலோமீட்டர் தூரம் மெதுவா ஓட்டிட்டு வீடு வந்து சேரலாம். ஆனா கல்லு மாதிரி இருக்கும், ரோட்டுல கெடக்குற குச்சி கூட முதுகுல தெரியும். வெலையும் ஜாஸ்தி. சாதா டயர்னா மெத்தை. வளைவுல நல்லாப் பிடிக்கும், பஞ்சர் ஆனா ஒட்டிக்கலாம். என்ன ஒண்ணு, பஞ்சர் ஆன எடத்துலயே நிக்கணும்.” சரி என்று நான் நோட்டைத் திறந்து, புத்தகத்தில் படித்ததும் நானாக அளந்ததும் எல்லாம் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். இந்த வண்டியின் டிக்கியில் ஸ்டெப்னி வைக்க இடமே இல்லை, ஒரு பெட்டி வைத்தால் இன்னொரு பெட்டியைத் தலையில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான், ஆகவே காற்றில்லாமல் ஓடும் டயர்தான் சரி என்றேன். நான் சொல்லச் சொல்ல உன் அப்பா தலையாட்டினார் பாப்பா. “ஆமா” என்றார். “சரிதான்” என்றார். “நான் இப்படி யோசிக்கவே இல்லையே” என்றார். கடைசியில் “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். எனக்குக் காது குளிர்ந்துவிட்டது. கல்லாவில் இருந்த அக்காவை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தேன், கேட்டீர்களா என்கிற மாதிரி. அப்போதுதான் உன் அப்பா காதில் விரலை வைத்து, “சரி பாப்பா, நீ வேலையப் பாரு, வெச்சிடறேன்” என்றார். நீ வாங்கி அனுப்பிய காது மெஷின் போனோடு சேர்ந்து பேசும் என்பது எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் நீ வேலையில் இருப்பாய் என்று நினைத்துவிட்டேன். நான் பேசின கால் மணி நேரமும் அவர் உன்னோடுதான் இருந்திருக்கிறார். நோட்டை மூடிவிட்டேன். கடைக்காரர் டயர் அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார், பாவம், நல்ல மனிதர். உன் அப்பா அவரிடம், “சாதா டயரே போட்டுடுங்க, பொண்ணு சொல்லிட்டா” என்றார்.

ஸ்டெப்னியை எங்கே வைப்பது என்று கடைக்காரரே கேட்டார். பஞ்சர் அடைக்கும் பாட்டில் மருந்தும் குட்டிப் பம்பும் இருக்கிறது என்று காட்டினார். அது ஆணி குத்தினால் அடைக்கும், ஓரம் கிழிந்தால் உதவாதாமே, மருந்தை நம்பி நடுரோட்டில் நிற்க முடியாது என்றார் உன் அப்பா. அப்புறம் சொன்னார் கேள், “தூரம் போறப்ப மட்டும் பக்கத்து சீட்டுல வெச்சு பெல்ட் மாட்டிக்கலாம்.” பக்கத்து சீட்டு என்றால் என் சீட்டு. ஆர்டர் போட்ட டயர் கம்பெனியிலிருந்து வரும்வரை பழையதையே மாட்டிக் காற்று அடித்துக்கொண்டு நாற்பதுக்கு மேல் போகாமல் வீட்டுக்குத் திரும்பும்போது அவர் முகம் மலர்ந்து போயிருந்தது. “எல்லாம் உனக்காகத்தான். இனிமே முதுகு வலிக்காது, மெத்தை மாதிரி இருக்கும்” என்றார். மெத்தை சரி, அதில் எந்த சீட்டில் நான் உட்காருவது என்று கேட்டேன். இரண்டு சிக்னல் தாண்டும் வரை யோசித்தார். “ஊருக்குள்ள போறப்ப ஸ்டெப்னி வீட்டுலதானே இருக்கும், அப்ப நீ வா” என்றார். அதாவது சக்கரம் கடற்கரைக்கு, நான் காய்கறிக் கடைக்கு. ஊரார் எலும்பையெல்லாம் முப்பது வருஷம் எக்ஸ்ரே எடுத்த மனிதர், பக்கத்தில் இருப்பவளுக்கு எங்கே வலிக்கிறது என்று தெரியவில்லை.

ஆனால் அவரை மட்டும் குற்றம் சொன்னால் அது பொய்க் கணக்கு, அதனால் மீதியையும் எழுதுகிறேன். போன மாதம் கடற்கரைச் சாலையில் கூட்டிக்கொண்டு போனார், நாற்பதாவது கிலோமீட்டரில் முதுகு தாங்கவில்லை என்று இறங்கி, நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன், நீங்கள் ஆசைப்பட்டபடி கடைசிவரை போய்விட்டு வாருங்கள் என்று சொல்லித் திரும்பி வந்தேன் அல்லவா? உனக்கும் அவர் சொல்லியிருப்பார், அதை வைத்துத்தான் நீயும் அம்மாவுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று சாதா டயர் சொல்லியிருக்கிறாய். டயர் கல்தான், முதுகு வலித்ததும் உண்மைதான், ஆனால் நான் இறங்கினது முதுகுக்காக இல்லை. வீட்டு வாசலிலிருந்து அந்த நிறுத்தம் வரை ஒரு மணி பத்து நிமிடம், அதில் அவர் என்னோடு பேசினது இரண்டு வாக்கியம். கண்ணாடியை ஏற்று என்பது ஒன்று, அந்தப் பக்கம் லாரி வருகிறதா பார் என்பது இன்னொன்று. மீதி நேரம் பூராவும் காதில் நீ. நீ சொன்ன பாதி எனக்குக் கேட்கவில்லை, அவர் சிரித்த பாதி மட்டும் கேட்டது. அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது என்று கணக்குப் போடப் பார்த்தேன், வரவில்லை. பெற்ற பெண்மேல் பொறாமைப்படுகிறவள் எந்தத் தாய் என்று நீ கேட்கலாம். நானும் அதையேதான் கேட்டேன், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து. உன்னோடு அவர் பேசுவதில் பொறாமை, என்னிடம் நீ ‘சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா’ என்று இரண்டு கேள்வியோடு ‘அப்பாகிட்ட குடு’ என்பதில் பொறாமை, அந்தச் சிவப்புத் தகரத்தின் மேலும் பொறாமை. ஆண்டவனிடம் இதை அன்றே சொல்லிவிட்டேன். அவனிடம் சொல்வது சுலபம், திருப்பி எதுவும் கேட்கமாட்டான். உன் அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது அந்தப் பொய்க்கு விலை என் சீட்டு. எனக்கு மெத்தை வேண்டாம் பாப்பா, கல்லே போதும். காற்றில்லாமல் ஓடும் டயரையே போட்டால் ஸ்டெப்னி வேண்டாம், சீட்டில் நான் இருப்பேன், இடுப்புக்கு ஒரு தலையணை வைத்துக்கொள்வேன், அதை இப்போதே தைத்தும் வைத்துவிட்டேன். அதிர்வை அளப்பதுதானே அங்கே வண்டிக் கம்பெனியில் உன் வேலை, அளந்து பார்த்தேன், மாற்றிச் சொல்கிறேன் என்று சொல். நான் சொன்னால் நோட்டில் இருக்கும், நீ சொன்னால்தான் வண்டியில் ஏறும். நேற்று வீட்டுச் சாமான் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டயர் கடைக்குப் போனேன். கல்லாவில் இருக்கும் அக்காவிடம் ஆர்டரைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் ஏன் என்று கேட்கவே இல்லை. “அன்னைக்கே பாத்தேன்மா, நீங்க நோட்ட மூடினப்பவே எனக்கு மனசு கேக்கல. அடுத்த மாசம் இருபது வரைக்கும் தாளு இங்கயே கெடக்கும், தம்பி கேட்டா கம்பெனியில சரக்கு இல்லன்னு சொல்லிக்கிறேன்” என்று அந்தத் தாளைக் கனமான ஒரு நட்டுக்கு அடியில் வைத்துவிட்டார். எனக்காக இன்னொருத்தியும் பொய் சொல்ல வேண்டியதாகிவிட்டது, அதையும் பிரார்த்தனையில் சேர்த்துவிட்டேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாள், உன் பதில் எனக்கு வரப் பத்து நாள், இருபதாம் தேதிக்குள் சரியாக இருக்கும், நீ ஒருநாளும் தள்ளிப்போடாமல் இருந்தால்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. சமையலறைக் குழாய் ஒழுகியது, நானே வாஷர் மாற்றிவிட்டேன், இப்போது ஒழுகவில்லை. உன் அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, காலையில் கண் விழித்ததும் இரண்டு நிமிடம் கைகூப்பு. நீ எதைத் தொட்டாலும் துலங்க வேண்டும், எந்தச் சாலையில் போனாலும் பத்திரமாக வீடு வந்து சேர வேண்டும், அதுதான் அம்மாவின் ஆசீர்வாதம், அதில் பொறாமை ஒரு துளியும் கிடையாது. நான் ஏன் இறங்கினேன் என்பதை அப்பாவிடம் சொல்லாதே. சொல்லித்தான் ஆகவேண்டும் என்று உனக்குத் தோன்றினால் சொல்லிவிடு, எனக்கும் சுமந்து அலுத்துவிட்டது. ஆனால் அதற்கு முன் எனக்கு எழுது. போன் வேண்டாம், அது அவர் காதுக்குத்தான் போகும். உறையின்மேல் என் பெயரை மட்டும் போட்டு எழுது. சீக்கிரம் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்
அம்மா