இருபத்து நாலு அங்குலக் குழல்

1946, மாசி 9.

முயல் வேட்டைக்கு பாயிண்ட் டூ-டூ ரைபிள் வாங்கி வந்தாயிற்று. மனசுதான் சரியில்லை.

கடையில் இரண்டு காட்டினார்கள். குழல் ஒன்றில் இருபத்து நாலு அங்குலம், மற்றதில் பதினெட்டு. கூட வந்த மச்சினன் செல்லத்துரை கொழும்புக்குக் கருப்பட்டி ஏற்றிப் போகும் தோணிக்காரன். துப்பாக்கியைத் தொட்டவனே இல்லை.

"குட்டையே போதும் அத்தான். நீளமுன்னா உடைமரத்து முள்ளுல மாட்டும்" என்றான்.

கடைக்கார அண்ணாச்சியும் இந்தத் தோட்டாவுக்குப் பதினெட்டே தாராளம் என்றார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. அதற்குள் செல்லத்துரை குட்டைக் குழலைக் கழற்றச் சொல்லி வாங்கி, சாண் போட்டு அளந்தான். சரியாக இரண்டு சாண். கருப்பட்டி அடுக்கும் ஓலைப்பெட்டியை அவன் அளப்பதும் அப்படித்தான். பெட்டி இரண்டு சாணும் நாலு விரலும்.

முயல் சுடுவதற்குச் சாண் எதற்கு?

குறி பார்க்க நீளம் நல்லது என்று சொல்லி, நெட்டையையே எடுத்தேன். "உங்க இஷ்டம்" என்றான். லைசென்சு என் பேரில் இருக்கிறது. கொழும்புத் துறைமுகத்தில் யாராவது ஒரு பெட்டியைப் பிரித்தால்... வேண்டாம், அவன் என் பெண்டாட்டியின் தம்பி. நானாக எதையோ நினைத்துக்கொள்கிறேன்.

இப்படித் தேற்றிக்கொண்டுதான் சாப்பிட உட்கார்ந்தேன். சோறு போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "சாயந்திரம் தம்பி வந்தான். இரும்பு அறுக்குத வாள் இருக்கான்னு கேட்டான். எடுத்துக் குடுத்தேன்."