கப்பல் பேர் வைத்த பிள்ளை

ஹேமா அப்பாவுக்கு, கோமதி எழுதுவது.

‘என் உயிரினும் மேலான’ என்று ஆரம்பிக்கச் சொன்னார்கள். இங்கே புனேயில் கட்கித் தமிழர்கள் வருஷா வருஷம் போடும் மலரில் உங்களுக்கு ஒரு அஞ்சலி வரணுமாம். நீங்க போய் வருஷம் திரும்பப் போகிறது, வீட்டுக்காரம்மா கையால் நாலு பக்கம் எழுதித் தந்தால் படத்தோடு போடுகிறோம் என்றார்கள். சரி என்றேன். உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்க எனக்கு வேறு இடம் இல்லை. நாலு பேர் படிக்கட்டும். உங்களைப் புகழ்ந்ததும் நாலு பேர் நடுவில்தானே?

இங்கே எல்லாரும் சௌக்கியம். ஹேமா மகர்பட்டாவிலேயே வேறு கம்பெனிக்கு மாறிவிட்டாள். எனக்கு முழங்கால் முன்பு போலவே. உங்க கப்பல்தான் போய்விட்டது. போன மழைக்காலத்தில் இழுத்துக்கொண்டு போய் உடைக்கிற இடத்தில் விட்டுவிட்டார்களாம். சேதி வந்த அன்றைக்கு உங்க படத்தைப் பார்த்துச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. பாவம் என்று தோன்றியது. அப்போது எனக்கு உங்கமேல் அவ்வளவு இரக்கம் இருந்தது, பாருங்க.

படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இவர் வாலிபம் முழுக்க ‘தர்யாஜி’ என்ற போர்க்கப்பலில் சிக்னல்மேனாக இருந்தவர். அதற்கப்புறம்தான் கட்கித் தொழிற்சாலை வேலை. அந்தக் கப்பல் சண்டைக் காலத்தில் மேற்குக் கரையைச் சுற்றிச் சுற்றி வந்தது. புயல் அடித்த ஊர்களுக்கு அரிசி மூட்டை இறக்கியது. கவிழ்ந்த படகிலிருந்து மீன்பிடிக்கிறவர்களைத் தூக்கியது. ஆப்பிரிக்கக் கரை வரைக்கும் போய்க் கொடி காட்டிவிட்டு வந்தது. சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து இவர் சொல்லிச் சொல்லி எனக்கு அத்தனையும் மனப்பாடம். எங்க பிள்ளைக்கு முதல் பல் மேலே முளைத்ததா கீழே முளைத்ததா என்று இவருக்குத் தெரியாது.

தர்யாஜி யார் என்பதும் எனக்குத் தெரியும். எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க! பழைய காலத்தில் கொங்கண் கரையில் படகுப் படைக்குத் தலைவர். எதிரிக் கப்பல்கள் துறைமுக வாயை அடைத்து நின்றபோது, வீட்டில் மகன் சாகக் கிடக்கிறான் என்று ஆள் வந்து ஓலை கொடுத்தான். அதை இடுப்பில் செருகிக்கொண்டு படகைவிட்டு இறங்காமலே நின்றார். எதிரி விலகிப் போனபிறகுதான் வீட்டுக்குப் போனார். அதற்குள் பிள்ளைக்குக் கொள்ளி வைத்தாகிவிட்டது. இந்த இடம் வரும்போதெல்லாம் உங்க கண் கலங்கும். அதைப் பார்த்து எனக்கும் கலங்கும்.

நமக்குப் பையன் பிறந்தபோது நீங்க கடலில், நான் இங்கே கட்கியில் அப்பாவின் குவார்ட்டர்ஸில். பேர் தந்தியில் வந்தது: தர்யாஜி. வேலூர்ப் பக்கத்து ஆளான எங்க அப்பா அதைச் சொல்லிப் பார்த்துவிட்டு, “என்னாம்மா பேரு இது, வாயில நிக்க மாட்டேங்குது” என்றார். பள்ளிக்கூடத்துக்குப் போனால் தானாகப் பழகிவிடும் என்று நான்தான் சமாதானம் சொன்னேன். ஆனாலும் பச்சைப் பிள்ளையை அப்படிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. தங்கம் என்றுதான் கூப்பிட்டேன்.

நீங்க கடிதமே போடவில்லை என்று பழி சொல்ல மாட்டேன். போட்டீங்க. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று இரண்டு வரி. மிச்சமெல்லாம் தனியாக அனுப்புகிற கவரைப் பற்றி. கப்பலின் படம், தர்யாஜியின் படம், விசேஷ முத்திரை எல்லாம் போட்ட தபால் கவர்கள். ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும், ஒவ்வொரு விழாவுக்கும் ஒன்று வரும். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டதும் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடுவேன். விரல் அழுக்குப் படக்கூடாது, மடங்கக்கூடாது, பிரிக்கவே கூடாது என்று உங்க உத்தரவு. உள்ளே ஒன்றும் இருக்காது. வளையாமல் இருக்க ஒரு அட்டை மட்டும். மேலே விலாசத்தில்கூட என் பேர் கிடையாது. உங்க பேரையே எழுதி, கீழே எங்க அப்பா பேரும் அவருடைய குவார்ட்டர்ஸ் எண்ணும். உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொண்டதை வாங்கி வைக்கிற ஆள் நான்.

தங்கத்துக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சளி என்றார்கள். அப்புறம் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். அப்பா போய் உங்களுக்குத் தந்தி கொடுத்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் நிமிர்ந்து பார்த்தேன். அந்த வாரம் முழுக்க அவனுக்கு உயிர் இருந்தது. இதை மறுபடி சொல்கிறேன், கேட்டுக்கோங்க. வாரம் முழுக்க இருந்தது.

அவன் போனபிறகு அப்பாதான் வெள்ளைத் துணியில் சுற்றி ஆற்றங்கரை மயானத்துக்கு எடுத்துப் போனார். பொம்பளை வரக்கூடாது என்று என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு கவர் வந்தது. தர்யாஜியின் நினைவு நாளுக்காகப் போட்டது. எப்போதையும்விடத் தடிமனாக இருந்தது. எனக்காக எழுதியிருக்கிறீங்க என்று நினைத்துவிட்டேன். நகத்தால் கிழித்துப் பிரித்தேன். உள்ளே இரண்டு அட்டை. அவ்வளவுதான்.

நீங்க லீவில் வந்தபோது என் தலையில் கை வைத்தீங்க. “சேதி லேட்டாத்தான் கிடைச்சுது, நடுக்கடல்ல இருந்தோம்” என்றீங்க. மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்து கவர்களைப் பார்த்தீங்க.

“யார் கிழிச்சது?”

அப்பா காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். அதற்கப்புறம் சாகிற வரைக்கும் உங்களோடு அவர் பேசவில்லை. “நடுக்கடல்ல இருக்கிற மனுஷன் என்னப்பா பண்ணுவாரு?” என்று உங்களுக்காக அவரோடு எத்தனை நாள் சண்டை போட்டிருப்பேன் தெரியுமா? அவர் என்னையே பார்ப்பார்.

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டேன். ஹேமா பிறந்தாள். கட்கி வேலை கிடைத்து நீங்க வீட்டோடு இருந்தீங்க. பையனைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவீங்க, அதனால் நானும் பேசவில்லை. மனசுக்குள்ளேயே வைத்து அழுகிறார் என்று நினைத்தேன். ஆம்பளைகள் அப்படித்தான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

கப்பலை உடைக்கிற சேதி வந்ததும், இங்கே தபால்தலை சேர்க்கிறவர்களும் பழைய கடற்படைக்காரர்களும் சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். உங்க கவர்களைக் கேட்டார்கள், கொடுத்தேன். சட்டம் போட்டு வரிசையாக மாட்டியிருந்தார்கள். கிழிந்ததும் இருந்தது. ஓரத்தை மறைத்து ஒட்டியிருந்தார்கள். தபால்தலைச் சங்கத் தலைவர் நல்ல மனுஷன்தான், மராட்டிக்காரர், என்னைச் சித்தி முறை வைத்து மாவ்ஷி என்றுதான் கூப்பிடுவார். அதைக் காட்டி, “இது மட்டும் முழுசா இருந்திருந்தா ரொம்ப அபூர்வம், மாவ்ஷி” என்றார். நான் தலையாட்டினேன்.

கப்பலின் நினைவாகப் புதுசாக ஒரு கவர் அச்சடித்திருந்தார்கள். அதை வெளியிட என்னை மேடையில் உட்கார வைத்தார்கள். ஹேமா முன் வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். உங்களோடு கப்பலில் ஒரே மெஸ்ஸில் இருந்த செல்வராஜ் அண்ணன் மைக் முன்னால் போய் ஹிந்தியில் பேசினார். உங்களைப் பற்றி ஒன்று சொல்லணும் என்றார்.

“எங்க கப்பல் எண்ணெய் போடக் கொச்சியில நின்னப்ப இவருக்குத் தந்தி வந்துச்சு. மகனுக்கு உயிருக்கு ஆபத்துன்னு. கேப்டன் கூப்பிட்டு, ‘உடனே ரயில் ஏறு, லீவு தர்றேன்’னாரு. இவர் போகல. ‘தர்யாஜி இறங்கிப் போனாரா சார்?’னு கேட்டாரு. கேப்டனே எழுந்து சல்யூட் அடிச்சாரு. அப்பேர்ப்பட்ட மனுஷன்!”

கை தட்டினார்கள். எல்லாரும் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

கொச்சியா? நடுக்கடல் என்றுதானே சொன்னீங்க?

என் கையில் அந்தப் புதுக் கவரைத் தட்டோடு கொடுத்தார்கள். வாங்கி மேஜையிலேயே வைத்தேன். மைக்கைக் கேட்டேன். நம்ம கட்கி பஜார் ஹிந்தியில்தான் பேசினேன்.

“தர்யாஜியோட பெண்டாட்டி பேர் என்ன?”

தலைவர் திரும்பிச் செல்வராஜ் அண்ணனைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார்.

“சரித்திரத்துல அது இல்லை, மாவ்ஷி.”

“அந்தக் குழந்தை பேர்?”

“அதுவும் இல்லை.”

“என் குழந்தைக்கு இருந்துச்சு. அவன் பேரும் தர்யாஜிதான். அவன் வாரம் முழுக்க உயிரோட இருந்தான்” என்றேன். இறங்கி வந்துவிட்டேன். யாரும் தட்டவில்லை. கடைசி வரிசையில் ஒரு மராட்டிக்கார அம்மா, யாரென்றே தெரியாது, எழுந்து நின்று நான் போக வழி விட்டாள்.

ஆட்டோவில் ஹேமா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் உடைந்து உடைந்துதான் வரும், உங்களுக்குத் தெரியுமே. “அம்மா, ஒரு பாப்பா போயிடுச்சுன்னுதான் தெரியும் எனக்கு. அவனுக்கு அந்தக் கப்பல் பேரா? காய் சாங்தேஸ், அம்மா? என்ன சொல்றே நீ?” என்று மராட்டியிலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கேட்டாள். அவள் அண்ணன் பேர் அவளுக்குத் தெரியாது. உங்க கவர் எல்லாவற்றையும் வரிசை தப்பாமல் சொல்வாள். இப்படித்தான் அவளை வளர்த்து வைத்திருக்கிறீங்க.

மறுநாள் செல்வராஜ் அண்ணன் கவர்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

“பெருமையாத்தானே தங்கச்சி சொன்னேன். உனக்குத் தெரியும்னு நினைச்சேன்.”

“எனக்கு யார் சொல்றது, அண்ணே?”

கவர்களை மேஜையில் வைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். “கேப்டன் முன்னாடி அப்படிப் பேசிட்டானே தவிர, மெஸ்ஸுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடல. சுருண்டு படுத்துக்கிட்டான். ‘போனா அவன் சாகறதப் பாக்கணும்டா, என்னால முடியாது’ன்னான். பயந்துட்டான், தங்கச்சி. அதை மேடையில சொல்ல முடியுமா?”

ஏன் முடியாது? பயம் என்றால் எனக்குப் புரிந்திருக்குமே. எனக்கும்தான் பயமாக இருந்தது. அவன் உடம்பு விறைக்கும்போதெல்லாம் ஓடிப்போய்விடலாமா என்று எனக்கும் தோன்றியது. மடியில் பிள்ளை இருந்ததால் எழுந்திருக்க முடியவில்லை. ‘பயந்துட்டேன் கோமு’ என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் உங்களைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். அதற்குப் பதிலாக ஒரு வீரனின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டீங்க. அந்த வீரனின் கதையை என்னிடமே சொல்லி, என்னையே அழ வைத்தீங்க. எப்படி மனசு வந்தது?

கவர்களைச் செல்வராஜ் அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கிழிந்ததையும்தான். “இதையாவது நீ வச்சுக்க” என்றார். வேண்டாம் என்றேன். கப்பல் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து அதையும் அவர் கையில் கொடுத்தேன். ஹேமா ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளும் நானும் ஆற்றங்கரை மயானத்துக்குப் போனோம். இத்தனை வருஷமாகப் பஸ்ஸில் தாண்டிப் போன இடம். உள்ளே போனது இதுதான் முதல் தடவை. யாரும் தடுக்கவில்லை. அங்கே இருந்த ஆளிடம் ஹேமா மராட்டியில் கேட்டாள். சின்னப் பிள்ளைகளை அந்த மதில் ஓரமாகப் புதைப்பார்கள், மதிலை இடித்துச் சாலையைப் பெரிசாக்கி ரொம்ப வருஷம் ஆச்சு என்றார். அங்கே லாரி போய்க்கொண்டிருந்தது. எந்த இடம் என்று யாராலும் காட்ட முடியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அவரும் இல்லை.

வாங்கிப்போன பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். ஹேமா வேலைக்குப் போகிற நல்ல துணியோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். “அவன் எப்படி இருந்தான், சொல்லு” என்றாள். சொன்னேன். உங்களை மாதிரியே மடிந்த காது. சுரைக்காய் மசித்துக் கொடுத்தால் துப்புவான். கீழ் வரிசையில் இரண்டு பல். பாலத்தின் மேல் ரயில் போனால் சிரிப்பான். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. யாரும் கேட்டதில்லையே.

உங்க திதி வருகிறது. ஹேமாவுக்கு மனசு இருந்தால் செய்வாள், நான் தடுக்க மாட்டேன். நான் இலை போட மாட்டேன். இனிமேல் எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் இரண்டு என்றே சொல்வேன், பையன் பேரையும் சேர்த்துச் சொல்வேன். இது சத்தியம்.

உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். நீங்க போய்ச் சேர்ந்த இடத்தில்தான் அவனும் இருக்கணும். இந்தத் தடவை கேப்டனும் இல்லை, கப்பலும் இல்லை. போய் அவனைத் தேடுங்க. உங்க முகம் அவனுக்குத் தெரியாது, முதலில் அழுவான், அதற்காக விட்டுவிட்டுப் போகாதீங்க. எனக்கும் வயசாகிவிட்டது. நான் வரும்போது அவன் உங்க இடுப்பில் இருக்கணும். இல்லையென்றால் அங்கேயும் உங்களோடு பேச மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கத்துக்கும் ஹேமாவுக்கும் அம்மா,
கோமதி
கட்கி, புனே