வெள்ளைக் கையுறையின் அளவு

1887 மார்ச் 2, புதன்

கையுறை வெட்டும் மேசையிலேயே தூங்கிப்போயிருக்கிறேன். ஷெரீப் ஆபீஸ் ஆள் தட்டியதும் எழுந்து பெரிய மனுஷன் மாதிரிப் பேசி அனுப்பினேன். பிறகுதான் ரொட்டிக்கடை ஜெமைமா வந்து, "எஸ்ரா அண்ணே, பாதி மூஞ்சிக்கு மட்டும் சாக்குக்கட்டிப் பொடி பூசியிருக்கீங்களே, மீதிக்கு என் மாவு தரட்டுமா?" என்றாள்.

ஷெரீப் ஆபீஸ் ஆள் வந்த விஷயம்: அடுத்த வாரம் கோர்ட்டு. விசாரிக்க ஒரு கைதியும் இல்லையென்றால் ஜட்ஜுக்கு வெள்ளைக் கையுறை தருவது வழக்கம். ஆயத்தமாக ஒரு ஜோடி வேண்டுமாம்.

"ஜட்ஜுக்கு அளவு கேட்டு எழுதட்டுமா?" என்றார்.

"ஜட்ஜானா என்ன, என் மகன் கை எனக்குத் தெரியாதா?" என்றேன்.

மார்ச் 4

மகன் லூக் லண்டனுக்குப் படிக்கப் போனபோது அவன் கை அளவுக்கு வெட்டிய அட்டை இன்னும் ஆணியில் தொங்குகிறது. அதை வைத்தே வெட்டினேன்.

ஏழு வருஷமாக அவன் இந்த வாசலை மிதிக்கவில்லை. அந்த வருஷம் தேர்தலுக்கு இந்த ஊரில் நின்றபோது, கூட்டத்தில் எவனோ மேடைமேல் ஒரு பழைய கையுறையை எறிந்து, "உங்கப்பன் தைச்சதா ஐயா? சட்டமும் இப்படித்தான் கிழியுமா?" என்றான். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன் — எதற்கும் சிரிக்கிற வாய் இது. மேடையிலிருந்து அவன் என்னைப் பார்த்தான்.

இங்கே தோற்றான். வடக்கே ஜெயித்துப் பார்லிமென்ட் போனான். போன வருஷம் ஜட்ஜ். எல்லாம் பேப்பரில் படித்ததுதான்.

மார்ச் 6, ஞாயிறு

ஜெயிலில் ஒருத்தன் இருக்கிறானாம், வாத்துத் திருடன். கோயிலில் அவனுடைய விடுதலைக்காக முழங்கால் நோக வேண்டினேன். வாத்தைப் பறிகொடுத்தவர் அடுத்த வரிசையில்.

மார்ச் 8

சாட்சி போதாதென்று வாத்துத் திருடனை விட்டுவிட்டார்கள்! கோர்ட்டில் என் கண்ணெதிரே கையுறையை வெள்ளித்தட்டில் நீட்டினார் ஷெரீப். லூக் வாங்கி, போடப் பார்த்தான். விரல் பாதிகூட ஏறவில்லை. நாற்பத்தாறு வயசுக் கைக்கு இருபது வயசு அளவு — முட்டாள் கிழவா!

அப்படியே கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அப்பன் தைச்சதைப் போட்டுக்கக் கூசுது போல," என்றான் பின்வரிசையில் ஒருத்தன்.

இந்த முறை நான் சிரிக்கவில்லை.

மார்ச் 9

ஆட்டிறைச்சி அடைத்த அப்பம் சுட்டு இரண்டு தட்டு வைத்தேன். ஜட்ஜ் கோர்ட்டு நாளில் ஊரார் வீட்டில் சாப்பிடமாட்டார் என்று தெரியும். தெரிந்தும் வைத்தேன். இரண்டையும் நானே தின்றேன். வயிறு சரியில்லை.

மார்ச் 10

காலையில் கடைமணி அடித்தது. சாதாரணக் கோட்டில் லூக். வெளியே வண்டி.

"இறுக்குதுப்பா."

"கை பெருத்துப்போச்சுடா."

"நீங்க கேட்டிருந்தா எழுதியிருப்பேனே."

"கேக்கணும்னு தோணலை."

மேசைமேல் கையை வைத்தான். மோதிர விரலில் மைக்கறை, அவன் அம்மாவுக்கு இருந்த அதே மச்சம். அளவு நாடாவைச் சுற்றினேன். வெளியே வண்டிக்காரன் நேரமாச்சு என்கிற மாதிரி இருமினான். லூக் கையை எடுக்கவில்லை.

மூன்று தடவை அளந்தேன். அன்றைக்குச் சிரித்தது தப்புடா என்பது தொண்டைவரை வந்தது, நாக்கில் ஏறவில்லை.

"சரியா வருதாப்பா?" என்றான்.

"இரு, இன்னொரு தடவை."

அளவு முதல் தடவையே தெரிந்துவிட்டது. அதையும் சொல்லவில்லை.