செருப்பு அறுந்ததால் வந்த நேர்ச்சை

ஜனவரி 20, 1947. திங்கள்.

வாடைக்காற்று. காலையில் பனி. லேசாக மூக்கடைப்பு.

மிக்கேல் போன மாதம் கேட்ட கேள்வி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஐந்தாம் வகுப்பில் என்னிடம் பூகோளம் படித்தவன். பட்டாளத்தில் சேர்ந்து, இத்தாலி வரை போய், உயிரோடு திரும்பி, இப்போது துறைமுகத்தில் வேலை. சண்டை ஓய்ந்ததும் கிடைத்த விடுப்பில், முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தன்னந்தனியாக ஊர் ஊராகச் சுற்றினானாம். முன்யோசனை ஒன்றும் கிடையாது. எந்த ரயில் முதலில் கிளம்புகிறதோ அதில் ஏறுவது. நேப்பிள்ஸ், ரோமாபுரி, பிறகு பெயர் வாயில் நுழையாத மலையூர்கள். ஓர் ஊரில் ரொட்டிக் கடைக்காரி மாடியில் படுக்க இடம் கொடுத்தாளாம்.

"நீங்க போர்டுல இத்தாலிய பூட்ஸ் மாதிரி வரஞ்சியள்லா டீச்சர், அந்த பூட்ஸ நான் நடந்தே தேச்சிட்டேன்."

சிரித்தோம். அப்புறம் சாதாரணமாகக் கேட்டான்: "நீங்க எங்கல்லாம் போயிருக்கிய?"

தூத்துக்குடி. பயிற்சிக்குப் பாளையங்கோட்டை. மறுபடியும் தூத்துக்குடி. உலகப்படத்தை வருடாவருடம் ஆணியில் மாட்டிக் கழற்றியவள் பக்கத்தில், சிலுவைக் கோயிலுக்குப் பேர்போன மணப்பாட்டைக்கூடப் பார்த்ததில்லை.

தம்பி கொழும்பிலிருந்து டிக்கெட் அனுப்பிவிட்டான். பிப்ரவரி 3 கப்பல். அங்கேயே அவன் வீட்டில் இருந்துவிட வேண்டும் என்கிறான். வேலையில் ஓய்வு பெற்று, பள்ளிக்கூடத்து அறையைக் காலி செய்தாயிற்று. ட்ரங்குப் பெட்டி பிலோமி டீச்சர் வீட்டில். அவன் கடிதத்தில் ஒரு வரி: "அங்கே உனக்கென்று யார் இருக்கிறார்கள் அக்கா?" அன்பாகத்தான் எழுதியிருக்கிறான். ஆனாலும் முள் மாதிரி நிற்கிறது.

பதில் இல்லாத கேள்வி இரண்டு. கப்பலுக்கு முன் கொஞ்சம் நாள் கையில். நாளை கிளம்புகிறேன். எங்கே? தெற்கே. திட்டம் அவ்வளவுதான்.

ஜனவரி 21. செவ்வாய்.

திரேஸ்புரத்தில் மிக்கேல் வீடு. தன் பட்டாளத்துப் பையைக் கொடுத்தான். காக்கி. இரண்டு தோளிலும் மாட்டும் வார். சேலைக்கு மேல் அதை மாட்டியதும் அவன் மனைவி அமலி குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

"தனியாவா போறிய? கூட ஒரு ஆளு வேண்டாமா?"

மிக்கேல்: "ஏளா, டீச்சர் என்ன சின்னப் புள்ளயா?"

"சின்னப் புள்ளன்னா பரவால்ல, யாராவது தூக்கிட்டு வந்து வுட்டுருவாவ."

பையில்: சேலை இரண்டு, துண்டு, செபமாலை, எண்ணெய்க் குப்பி, கருப்பட்டி, அவித்த பனங்கிழங்கு, குடை, இந்த நோட்டு. மிக்கேல் தூக்கிப் பார்த்துவிட்டு குடையை வெளியே எடுத்தான். பை கனத்தால் ஊர் கண்ணில் படாதாம். இத்தாலியில் கற்ற பாடம்.

கரிப்புகையில் ஓடும் பஸ். முத்தையாபுரம் தாண்டியதும் நின்றுவிட்டது. கண்டக்டர் சத்தம்: "டிக்கெட் எடுத்தவுக தள்ளுங்க. எடுக்காதவுக எடுத்துட்டுத் தள்ளுங்க." நானும் தள்ளினேன். பஸ் கிளம்பிற்று, என் இடது செருப்பின் வார் அறுந்தது. தைக்க ஆள் இல்லை. இரண்டையும் பைக்குள் போட்டேன்.

சின்னக் காரியம். ஆனால் சின்னக் காரியத்தால் பெரியது வரும். உ-ம்: திரியில் ஒரு பொறி. இன்று நடந்ததும் அதுதான்.

பழையகாயலில் ஆறு கடக்கத் தோணி. எதிரே மீன் விற்றுத் திரும்பும் ஒரு பெண், காலிக் கூடையோடு. பெயர் சூசம்மா. புன்னைக்காயல். என் வெறுங்காலைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"மணப்பாட்டுக்கா?"

"இல்ல. சும்மாத்தான்."

"திருநாளு செப்டம்பர்லல்லா. இப்ப நடக்கிறியன்னா பெரிய நேர்ச்சதான்."

"நேர்ச்சையெல்லாம் இல்லம்மா. செருப்பு அறுந்துட்டு."

அவள் தோணிக்காரரிடம் திரும்பினாள். "சொல்ல மாட்டாவ. முடிக்கிறதுக்கு முந்தி வாயத் தொறந்தா பலிக்காதுல்லா."

இந்தக் கரையின் வழக்கம் அது. நேர்ந்துகொண்டதை நிறைவேற்றும் வரை வெளியே சொல்லக் கூடாது. ஆகவே இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, உண்டு என்று ஆகிறது. தோணிக்காரர் என்னிடம் காசு வாங்கவில்லை.

இரவு சூசம்மா வீட்டில். சோறு, நெத்திலிக் குழம்பு, நல்ல பாய்.

ஜனவரி 22. புதன். புன்னைக்காயல்.

வாசலில் பேச்சுச் சத்தத்தில் விழிப்பு. மணப்பாட்டுச் சிலுவைக் கோயிலுக்கு ஒரு டீச்சர் வெறுங்காலோடு போகிறாள் என்று ஊருக்கே தெரிந்திருக்கிறது. போகிறவர் கையில் தன் நேர்ச்சையையும் கொடுத்துவிடுவது இங்கே வழக்கமாம். ஆளாளுக்கு ஒரு மெழுகுதிரி.

உ-ம்: சூசம்மாவின் மகளுக்கு வயிற்றில் ஏழு மாதம். முந்தி இரண்டும் தங்கவில்லை. இன்னொருத்தி வெள்ளித் தகட்டில் ஒரு காது கொடுத்தாள். புருஷன் சங்கு குளிக்கிறவர், காது அடைத்துப்போயிற்று. ஒரு கிழவர் மகனுக்கும் தனக்கும் பேச்சு வர வேண்டும் என்றார். மகன் பக்கத்தில்தான் நின்றான், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. அப்புறம் அவனும் ரகசியமாக ஒரு திரி கொடுத்தான்.

நிஜத்தைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். சூசம்மா என் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாதிய டீச்சரம்மா. எம் மவளுக்காவ சொல்லாதிய."

பொத்திய கையில் மீன் வாடை. அந்தக் கைக்கு எதிராக என்ன சொல்வது? வாங்கிக்கொண்டேன்.

அதோடு முடியவில்லை. திரி எரிந்து மிஞ்சிய மெழுகைக் கொண்டுவந்து அந்தந்த வீட்டில் கொடுக்க வேண்டும். அது வரும்வரை கொடுத்தவர்கள் மீன் தொட மாட்டார்கள். கடற்கரையில் மீனை விடுவது!

"நேத்து ராத்திரி சாப்ட்டதுதான் கடைசி," என்றாள் சூசம்மா, சந்தோஷமாக. "வெரசா வாங்க."

எங்கே என்று இல்லாமல் புறப்பட்டேன். இப்போது போகும் இடம் உண்டு, திரும்பும் வழியும் உண்டு.

ஜனவரி 23. வியாழன். காயல்பட்டணம்.

கரையோரமாக நடை. கிளிஞ்சல் வலது பாதத்தைக் கிழித்தது. ஊருக்குள் நொண்டி நொண்டி. பெரிய தெருவில் நிற்கையில் ஒரு கதவின் பின்னாலிருந்து குரல்:

"ஆம்புளய போற தெருவுல ஏன் நிக்கிறிய? இங்கன வாங்கோ."

ஒரு கை என்னை உள்ளே இழுத்தது. வீடுகளுக்கு நடுவே ஆள் அகலத்துக்கு ஒரு சந்து. முடுக்கு என்கிறார்கள். பெண்கள் நடமாட மட்டும். ஒரு வீட்டுப் பின்கட்டு, அடுத்த முடுக்கு, அடுத்த வீடு. ஊருக்குள் இன்னோர் ஊர். மிக்கேல் இங்கே வந்திருந்தால் வெறும் சுவர்களைப் பார்த்துவிட்டுப் போயிருப்பான். முதல்முறையாக, அவன் பார்க்காததைப் பார்த்ததில் கொஞ்சம் பெருமை.

இழுத்த கை ஆமினாவுடையது. நாற்பது வயதிருக்கும். காலைப் பார்த்ததும் வெந்நீர், மஞ்சள், அதட்டல்.

ஜனவரி 26. ஞாயிறு.

கால் வீங்கிவிட்டது. காய்ச்சல் இருந்தது, இப்போது இல்லை. பூசைக்குப் போக முடியவில்லை.

இங்கே பெண்கள் கல்யாணம் ஆனாலும் பிறந்த வீட்டிலேயே. மாப்பிள்ளைதான் வந்து தங்குகிறார். ஆமினாவின் புருஷன் ரங்கூனில் வியாபாரம். சண்டை தொடங்கியதிலிருந்து தகவல் இல்லை. அதை அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். முறத்தின் தாளம் தப்பவில்லை.

மாலையில் முடுக்குப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்தார்கள். டீச்சர் என்றால் ஏதாவது சொல்ல வேண்டுமாம். கரித்துண்டால் தரையில் இத்தாலியை வரைந்தேன். ஆமினா தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இதென்ன, ஒத்தக் கால் சப்பாத்து? உங்களுக்கு அறுந்து போனதா?"

இவ்வளவு சிரித்து எத்தனை காலமாயிற்று.

பிறகு அவள் தன் பெயரை எழுதிக் காட்டச் சொன்னாள். எழுதினேன். அதன் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் ரங்கூன் எழுதச் சொன்னாள்.

ஜனவரி 29. புதன்.

கால் தேவலை. புறப்பாடு. ஆமினா தம்மடை கட்டிக் கொடுத்தாள், இந்த ஊர் ரவை இனிப்பு. அக்கா என்பதை இங்கே லாத்தா என்கிறார்கள்.

"லாத்தா, மெழுகுதிரி உங்க வழி, நான் தரமாட்டேன். ஆனா மணப்பாட்டு மணல்மேட்டுல நின்னா தூரத்துக் கப்பலெல்லாம் தெரியும்பாக. கடலப் பாத்து எனக்காக ஒரு சலாம் சொல்லிட்டு வாங்கோ. வந்து சொல்லணும். அதுவரைக்கும் நான் தம்மடை பண்ண மாட்டேன்."

இவளுமா!

முடுக்கு முடியுமிடத்தில் நின்று சொன்னாள்: "கொழும்புல போயி என்ன பண்ணப் போறிய? இங்கன எத்தன பொம்பளப் புள்ளய எழுத்துத் தெரியாம இருக்கு." சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 30. வியாழன். திருச்செந்தூர்.

வீரபாண்டியன்பட்டணத்திலும் திரிகள். பை கனம். செருப்புக் கடை கண்ணில் பட்டது. இதோடு இந்தக் கூத்து முடியட்டும் என்று உள்ளே போனேன். கடைக்கார அண்ணாச்சி, நெற்றி நிறையத் திருநீறு, என் காலைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றார்.

"செருப்புத் தர மாட்டேன் தாயி."

"ஏன் அண்ணாச்சி?"

"நேர்ச்சக் காலுக்குச் செருப்பு வித்தா அந்தப் பாவத்த எங்க கொண்டுபோயித் தொலைக்க?"

வாதாடினேன். பயனில்லை. குடிக்கப் பானக்கம் கொடுத்தார். பிறகு அவரும் ஒரு மெழுகுதிரியை நீட்டினார். மகளுக்கு வரன் தட்டிப் போகிறதாம். முருகன் கோவிப்பாரே என்றேன்.

"இங்கன இருக்கவனும் கடலப் பாத்தவன், அங்கன இருக்கவரும் கடலப் பாத்தவரு. ரெண்டு பேரும் பேசிக்கிடுவாவ."

பிப்ரவரி 1. சனி. மணப்பாடு.

ஆலந்தலை, குலசேகரப்பட்டணம் வழியாக, நடையும் மாட்டுவண்டியுமாக. அந்தியில் வந்து சேர்ந்தேன். கடலுக்குள் நீட்டிய மணல்மேடு, உச்சியில் கோயில். மணல் குளிர்ந்து கிடந்தது. பாதம் இப்போது தோல்செருப்பு மாதிரி ஆகிவிட்டது, அண்ணாச்சி கடை இனித் தேவையில்லை.

கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை என் பைக்குள் எட்டிப் பார்த்தார். "நாளைக்கு மெழுகுதிரி மந்திரிக்கிற திருநாளு. தெரிஞ்சுதான் வந்தியளா?"

தெரியாது. யாரும் நம்பப் போவதில்லை.

பிப்ரவரி 2. ஞாயிறு.

பூசை முடிந்து திரிகளை ஏற்றினேன். ஒவ்வொன்றுக்கும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி. சூசம்மா மகளுக்கு. காதுக்கு. கிழவருக்கு, பக்கத்திலேயே அவர் மகனுக்கு. இரண்டும் ஒரே காற்றில் சாய்ந்து எரிந்தன. அண்ணாச்சி மகளுக்கு. வெக்கையில் முகம் காய்ந்தது.

கோயில்பிள்ளை: "இனி உங்க நேர்ச்ச என்னன்னு சொல்லலாம்லா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"இம்புட்டுத் தூரம் நடந்து, ஒண்ணும் இல்லயா!" அதற்கும் ஏதோ பெரிய காரணம் இருக்கும் என்று தலையாட்டினார்.

மெழுகை ஆறவிட்டு, தனித்தனியே காகிதத்தில் மடித்துப் பெயர் எழுதினேன். அவர் சொன்னார், மத்தியானம் ஒரு கருவாட்டு லாரி நேரே தூத்துக்குடிக்கு. ஏறினால் நாளைக் கப்பலுக்கு நேரம் தாராளம். மெழுகை வேண்டுமானால் யாரிடமாவது கொடுத்துவிடலாம்.

கொடுத்துவிடலாம்தான். தம்பி துறையில் வந்து நிற்பான். அவன் குழந்தைகளுக்குக் கருப்பட்டி வைத்திருக்கிறேன். நல்ல பிள்ளைகள்.

கோயில்பிள்ளை வீட்டில் சாப்பாடு. வாளை மீன் குழம்பு, மணம் ஆளைத் தூக்கியது. இலையில் ஒரு துண்டு விழுந்தது. புன்னைக்காயலில் பன்னிரண்டு நாளாக ரசச்சோறு. கை எழவில்லை.

"மீன் சாப்பிட மாட்டியளா டீச்சர்?"

"இப்ப இல்ல."

இதைச் சொல்லும்போதே தெரிந்துவிட்டது. லாரி சத்தம் கேட்டது. கோயில்பிள்ளை வாசலுக்கு ஓடினார், திரும்பி என்னைப் பார்த்தார். நான் மோர் கேட்டேன்.

தம்பிக்குக் கார்டு: "கப்பலுக்கு வரவில்லை. கோபிக்காதே. விருந்தாளியாக ஒரு தடவை நிச்சயம் வருவேன், குடியிருக்க அல்ல. இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டாய். இலையில் மீன் இல்லாமல் சில வீடுகள், தம்மடை இல்லாமல் ஒரு வீடு. போய்ச் சேர வேண்டும்."

பிப்ரவரி 3. திங்கள்.

காற்று இறங்கிவிட்டது. கடல் எண்ணெய் மாதிரி.

விடிந்ததும் மேட்டுக்கு ஏறினேன். தூரத்தில் ஒரு கப்பல் புகை. எங்கே போகிறதோ. ஆமினாவின் சலாமைச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. கீழே வலை உதறிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, தனக்குத்தான் என்று நினைத்துக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

பையில் மெழுகுப் பொட்டலங்கள். முதலில் திருச்செந்தூர் அண்ணாச்சி. கடைசியில் சூசம்மா, அவளுக்கு வெரசாகப் போக வேண்டும். நடுவில் காயல்பட்டணம். அங்கே முடுக்குக்கு ஒரு சிலேட்டாவது வாங்கிக்கொண்டு போக வேண்டும், முதல் பாடம் ரங்கூன் என்ற சொல்லிலிருந்து. மிக்கேலிடம் பையைத் திருப்பிக் கொடுப்பது பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

இந்த நோட்டு என்றாவது யார் கையிலாவது கிடைத்தால், ஒன்றே ஒன்று: ஒரு நாள் காலையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, காலிப் பையோடு பக்கத்து ஊர் வரை நடந்து பார்.